சான் ஹோசேக்கு வந்த சாக்லேட் மலை

1996 மார்ச் 12, செவ்வாய். கார் நிறுத்துமிடத்தில் கிடப்பது தோட்டக்காரர்கள் கொட்டிவிட்டுப் போன மண் என்று நேற்று குறித்தது தவறு. அது குன்று.

இந்தத் திருத்தத்தை எழுதியவள் ஃபெமினா. கணவன் சுபினோடு சான் ஹோசேக்கு வந்து இரண்டு வருடமாகியும், வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் இருந்ததால், மாலைக் கல்லூரி ஒன்றில் சுற்றுலா வழிகாட்டிப் படிப்பில் சேர்ந்திருந்தாள். பார்த்ததைத் தேதி போட்டு எழுதிவர வேண்டும் என்பது அங்கே வீட்டுப்பாடம். குன்று பிலிப்பைன்ஸ் நாட்டு போஹோல் தீவைச் சேர்ந்தது என்று அடையாளம் காட்டியவர் கீழ்வீட்டு லூர்தெஸ். அந்தத் தீவில் கவிழ்த்துவைத்த கிண்ணங்கள் மாதிரி நூற்றுக்கணக்கில் குன்றுகள் இருக்கின்றன. மழையில்லாத மாதங்களில் புல் காய்ந்து பழுப்பாகிவிடுவதால் சாக்லேட் மலைகள் என்று பெயர். உலகத்துப் பயணிகளெல்லாம் போய்ப் பார்க்கிறார்கள். அவற்றின் அடிவாரத்தில்தான் லூர்தெஸ் பிறந்து வளர்ந்தார். கலிபோர்னியாவின் சொந்த மலைகள் மார்ச் மாதத்துப் பச்சையில் நிற்க, இது மட்டும் காய்ந்துபோய் வந்திருந்தது. திங்கட்கிழமை இடுப்பளவு, செவ்வாய்க்கிழமை மாடி ஜன்னல் அளவு, வெள்ளிக்கிழமை கூரைக்கு மேல். அத்தோடு வளர்வதை நிறுத்திக்கொண்டது. பக்கத்து வீட்டு கஸ்தூரிரங்கனின் கேம்ரி கார் அதற்குள் போய்விட்டது. எப்படி வந்தது என்று குடியிருப்பில் ஒருவரும் கேட்கவில்லை, எப்போது நகரும் என்றே கேட்டார்கள்.

லூர்தெஸுக்கு ஐம்பது வயது. முதியவர்களை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் வேலை. பதினொரு வருடத்துக்கு முன் சுற்றுலா விசாவில் வந்து, அது முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டவர். ஞாயிறு பூசைக்கு அவரைக் காரில் கூட்டிப்போகும் ஃபெமினாவுக்கு அவர் லூர்து ஆன்ட்டி. ஆன்ட்டியின் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘போ’ வரும். அவர்கள் நாட்டு மொழியில் அது மரியாதைச் சொல், நம்முடைய ‘ங்க’ மாதிரி. முதன்முதலில் துணி துவைக்கும் அறையில் அவர் “குட் ஈவ்னிங் போ” என்றதும் ஃபெமினா நனைந்த துணியை அள்ளிக்கொண்டு வெளியேறிவிட்டாள். விஷயம் விளங்கிய பிறகும், தமிழில் அதற்கு என்ன பொருள் என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். ஃபெமினா சுபினை விரட்டுவது மாடியிலிருந்து கேட்கும்போதெல்லாம் ஆன்ட்டி மகிழ்ந்துபோவார். “யூ ஆல்சோ ஸே போ! ஸோ ரெஸ்பெக்ட்ஃபுல் டு ஹஸ்பண்ட்” என்பார்.

குன்றுக்கும் அந்த மொழிதான் தெரிந்திருந்தது. கஸ்தூரிரங்கன் தினமும் காலை காபி டம்ளரோடு எதிரே நின்று, “போ! போன்னா போகமாட்டியா? கார் உன்னோடதா, என்னோடதா? போ!” என்று கத்துவார். ஒவ்வொரு முறையும் குன்று மனம் குளிர்ந்து அவர் வாசலை நோக்கி ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது.

“ஏம்மா ஃபெமினா, உன் ஃப்ரெண்டோட ஊர் மலைதானே, அவளையே திருப்பி எடுத்துண்டு போகச் சொல்லேன். இன்ஷூரன்ஸ்காரன் போன்ல சிரிக்கிறாம்மா.”

“அங்கிள், அவங்களே பஸ்ல போறாங்க. மலையை எதுல வச்சு எடுத்துட்டுப் போவாங்க?”

ஏப்ரலில் அதிகாரிகள் வந்து மண்ணையும் புல்லையும் சோதித்தார்கள். குன்று அமெரிக்க மண் அல்ல, அதன்மேல் ஏறுவது நாட்டைவிட்டு வெளியேறுவதாகும் என்று முடிவானது. சுற்றிலும் கயிறு கட்டி, அடிவாரத்தில் மேசை போட்டு, ஏறி இறங்குகிறவர்களின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். பிறகு, இதை உள்ளே கொண்டுவந்தது யார் என்று வீடுவீடாக விசாரித்து, எல்லோருடைய காகிதங்களையும் கேட்டார்கள்.

அவர்கள் கீழ்வீடுகளில் தட்டிக்கொண்டிருந்தபோது லூர்து ஆன்ட்டி ஒரு பையோடு மாடியேறி ஃபெமினாவின் கதவுக்கு வெளியே நின்றார். “தாவ் போ!” என்று கூப்பிட்டார். வாசலில் ஆள் வந்திருக்கிறேன், தயவுசெய்து பாருங்கள் என்று பொருள்.

“திறக்காதே” என்றான் சுபின், தணிந்த குரலில். “இப்பதான் நம்ம கிரீன் கார்டு அப்ளை பண்ணிருக்கு. உள்ள விட்டா நாமளும் காலி. போகச் சொல்லு.”

“எங்க போவாங்க சுபின்?”

“அது நம்ம ப்ராப்ளம் இல்ல. சொல்லு!”

ஃபெமினா கதவின் கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தாள். ஆன்ட்டி வீட்டுச் செருப்போடு நின்றார். கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு ஃபெமினா சொன்னாள்: “போ... ப்ளீஸ், போ.”

ஆன்ட்டியின் முகம் தெளிந்தது. “ஓபோ, ஓபோ”, அதாவது சரிங்க சரிங்க, என்று தலையாட்டி, பையைக் கீழே வைத்து, முடியைச் சரிசெய்துகொண்டு, தாழ்ப்பாள் திறக்கும் சத்தத்துக்காகப் பொறுமையாகக் காத்து நின்றார். படியில் பூட்ஸ் சத்தம் கேட்கும்வரை நின்றார். பின்பு மறுபக்கப் படி வழியாக இறங்கி ஓடி, கயிற்றைத் தாண்டி, குன்றின்மேல் ஏறிவிட்டார். துரத்தி வந்த அதிகாரிகள் கயிற்றோரம் நின்றுவிட்டார்கள். அதற்கு அப்பால் அவர்களுக்கு அதிகாரமில்லை. ஆன்ட்டி கீழே கால் வைத்தால் பிடிப்பார்கள், மேலே இருக்கும்வரை சுதந்திரமாக இருக்கலாம் என்று எழுத்தில் தெரிவித்தார்கள்.

அப்படியாக லூர்து ஆன்ட்டி குன்றின் உச்சியில் குடியிருக்கத் தொடங்கினார். பயணிகள் பெருகினார்கள். டேலி சிட்டியிலிருந்தும் மில்பிடாஸிலிருந்தும் பிலிப்பைன்ஸ் குடும்பங்கள் சனி ஞாயிறுகளில் பேருந்தில் வந்து, தங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த நாட்டைக் காட்டின. கலாசாரச் சங்கம் ஒன்று ஓலைக்குடிசை போட்டுக்கொடுத்து, வண்ணத்துப்பூச்சி இறகு மாதிரி விறைத்த கைகளுள்ள சட்டையும் தந்தது. விளம்பரத் தாளில் முதலில் குன்று, அடுத்து உச்சிக் காட்சி, மூன்றாவதாக ‘போஹோல் பெண்’ என்று போட்டார்கள். கல்லூரி ஏற்பாட்டில் ஃபெமினா சம்பளமில்லாத வழிகாட்டியானாள். ஆனால் அடிவாரத்தோடு சரி. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு ஓரடி வெளியே வைத்தாலும் விண்ணப்பம் செத்துவிடும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, தான் ஏறாத குன்றை அவள் விவரித்தாள். படிப்பில் முதல் தரம் வாங்கினாள்.

முதல் வருடம் ஆன்ட்டி மாலையில் கயிறுவரை இறங்கிவந்து பேசுவார். கதவு ஏன் திறக்கவில்லை என்று கேட்டதே இல்லை. சாவி தொலைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒருநாள், இன்ஷூரன்ஸ் பணம் வந்துவிட்ட சந்தோஷத்தில் இருந்த கஸ்தூரிரங்கன், “போன்னா எங்க பாஷைல கெட் அவுட்னு அர்த்தம்மா, கெட் அவுட்!” என்று அவருக்கு விளக்கிச் சொன்னார். அதற்குப் பிறகு ஆன்ட்டி கயிற்றருகே வரவில்லை. சாப்பாடு கூடையில் மேலே போனது, பாத்திரமும் துவைக்க வேண்டிய சட்டையும் கீழே வந்தன. தொண்ணூற்றெட்டில் ஊரில் அவருடைய அம்மா இறந்த செய்தியும் கூடையில்தான் போனது. வந்திருப்பது ஒற்றைக் குன்று. அதன் எந்தப் பக்கம் இறங்கினாலும் சான் ஹோசேதான். அன்றும் பயணிகள் இருந்தார்கள்.

2001 ஆகஸ்டில் கிரீன் கார்டு வந்தது. 16ஆம் தேதி, வியாழக்கிழமை, ஃபெமினா பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு முதல்முறையாக ஏறினாள். சுற்றிலும் கலிபோர்னியா காய்ந்துகிடக்க, குன்று பச்சையாக இருந்தது. மேலே ஈரமான காற்று. லூர்து ஆன்ட்டி குடிசையிலிருந்து வந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

“ஆன்ட்டி, நான்...”

“வெல்கம் டு போஹோல், மேடம்” என்றார் அவர். “ஃபர்ஸ்ட் டைம்?”

ஃபெமினா பாஸ்போர்ட்டைக் கைப்பைக்குள் வைத்தாள்.

“யெஸ்” என்றாள்.

ஆன்ட்டி இரண்டு அரக்கர்கள் கல்லெறிந்து சண்டையிட்டதில் இந்தக் குன்றுகள் உண்டான கதையை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். எந்த மாதம் புல் பழுப்பாகும் என்றார். வழக்கம்போல விருந்தினர் பக்கத்தில் நின்று, யாரோ ஒரு பயணி எடுத்த படத்துக்குச் சிரித்தார். அடுத்த குடும்பம் காத்திருந்ததால் ஃபெமினா இறங்கினாள். அடிவாரத்து மேசையில் இருந்தவர், எத்தனை நாள் வெளிநாட்டில் இருந்தீர்கள் என்று கேட்டு, முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார்.

நாளை வெள்ளி. டேலி சிட்டி முதியோர் சங்கத்துப் பேருந்து பத்து மணிக்கு வருகிறது. அதற்குள் லூர்து ஆன்ட்டியின் சட்டைக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து, கூடையில் மேலே அனுப்ப வேண்டும்.