மேற்குச் சன்னலுக்கு ஒரு கதவு

எங்கள் தெருவில் யார் வீடு கட்டினாலும், கதவு போடும் நேரத்தில் கொத்தனார் சொல்லும் யோசனை ஒன்றுதான்: சென்னய்யா வீட்டுச் சன்னல் கதவைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வருகிறவர்கள் பலகையைத் தடவிப் பார்ப்பார்கள், விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள், சாத்தித் திறந்து பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு கதவாவது இறங்கியதா, கோணியதா என்றால் இல்லைதான். எனக்கு மட்டும் அந்தக் கதவுகளைக் கண்டாலே வயிறு எரியும்.

சென்னய்யா என் தாய்மாமன் மகன். என் தங்கை சௌடேஸ்வரியைக் கட்டியவன். என்னைவிடச் சின்னவன், இடுப்பில் தூக்கிச் சுமந்திருக்கிறேன், அதனால் அவன் என்றுதான் சொல்வேன். அருப்புக்கோட்டையில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் போல அவனுக்கும் நெசவு. வீட்டுக்குள் நாங்கள் பேசுவது கன்னடம். நடந்ததைத் தமிழிலேயே சொல்கிறேன்.

எண்பத்தெட்டில் அவன் கையால் நெய்துவந்த குழித்தறியை மூடிவிட்டு லோன் போட்டு நாலு பவர்லூம் வாங்கினான். அதற்காகவே புது வீடு. வீடு என்பது பேருக்குத்தான். நீளமாக ஒரு கூடம், அதில் நாலு தறி, அவற்றுக்குப் பின்னால் அடுப்படி, படுக்க ஒரு மூலை. கரண்டு போனால்தான் அந்த வீட்டில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கும்.

சுவர், தளம், கூரை எல்லாவற்றையும் கொத்தனார் பொறுப்பில் விட்டவன், சன்னல் கதவுக்கு மட்டும் யாரையும் நம்பவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற வேலை அவனுக்கு இல்லாமல் போயிற்று, அத்தை மகள் தயாராக இருந்தாள். அப்போது பார்க்காததையெல்லாம் சேர்த்து வைத்து மரக்கடையில் பார்த்தான். பரளச்சியிலிருந்து வந்த தவசி ஆசாரி வேம்பே போதும், பூச்சி அண்டாது என்றார். அவன் கேட்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினான். கணு இருக்கிறதா, ஓரத்தில் வெள்ளை ஓடியிருக்கிறதா, உள்ளே ஈரம் காய்ந்ததா என்று பலகை பலகையாகப் புரட்டி, கடைக்காரர் அலுத்துப்போன பிறகுதான் தேக்கை எடுத்தான்.

கதவு செய்யும்போதும் ஆசாரியை நிம்மதியாக விடவில்லை. இரண்டு கதவும் சேருகிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார வேண்டும் என்றான். சாத்திவிட்டு இடுக்கில் ஒரு துளி பஞ்சைப் பிடிப்பான். பஞ்சு லேசாக அசைந்தாலும் கழற்றி மறுபடி இழைக்கச் சொல்வான். தவசிக்கே ஒரு கட்டத்தில் ரோஷம் வந்து, நான் சன்னல் செய்கிறேனா, தண்ணீர்த் தொட்டி செய்கிறேனா என்று கேட்டுவிட்டார்.

எல்லாம் காற்றுக்காகத்தான். எங்கள் பக்கத்துக் காற்றைத் தெரியாதவர்கள் ஆனி, ஆடியில் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். மேற்கு மலையில் மழையையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் சூட்டோடு வரும். மேற்கே கண்ணுக்கு எட்டியவரை அதைத் தடுக்க ஒரு தோப்பு கிடையாது. கஞ்சி போட்டுத் தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூலுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். காய்ந்த காற்று பட்டால் இழை மொறுமொறுவென்று ஆகித் தொட்டதும் அறுந்துபோகும். அதனால் நெசவாளி வீட்டில் பிறந்த குழந்தைக்குக்கூடக் கதவைச் சாத்தத் தெரியும். நூலுக்குப் பிறகுதான் எங்களுக்கு ஆள். அந்தக் கதவுகளைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே மூச்சுவிடப் போகிறவர்களைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பால் காய்ச்சின அன்றைக்கு எல்லோரும் கதவைத்தான் புகழ்ந்தார்கள். அடுத்த ஆடியில் ஊரெல்லாம் இழை அறுந்து தறி நின்றபோது சென்னய்யா வீட்டில் மட்டும் நாலு தறியும் ஓடின. அவன் மீசையைத் தடவிக்கொண்டு தெருவில் நடந்ததை நான் பார்த்தேன்.

சாத்திய கூடத்தில் பஞ்சுத் தூசி எங்கே போகும்? என் தங்கையின் நெஞ்சுக்குள் போனது. அவன் நூல் வாங்க, சேலையைக் கொடுக்க என்று பாதி நாள் வெளியே இருப்பான். அவள் விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை உள்ளேயே இருப்பாள். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவதும், அறுந்த இழையை முடிவதும் அவள் வேலை. முதலில் இருமல் என்றாள். பிறகு நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்கினாள். தொண்ணூற்று இரண்டில் மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். மருந்து எழுதித் தந்த டாக்டர், மருந்தைவிட முக்கியம் இருக்கிற இடத்தில் காற்று ஓட வேண்டும், தூசி தங்கக் கூடாது, இப்படியே விட்டால் நெஞ்சு தாங்காது என்றார்.

என் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். என் வீட்டுச் சன்னல் கதவு மட்டமான மரம், ஒரு மழைக்கே கோணி, சாத்தினாலும் இரண்டு விரல் இடைவெளி விடும். அங்கே அவள் நன்றாகத் தூங்கினாள். ஆனால் ஒவ்வொரு தடவையும், அங்கே தறிக்கு ஆளில்லை என்று ஒரு வாரத்தில் கிளம்பிவிடுவாள். இழை முடிய ஆள் வைக்கச் சொன்னேன். வந்த பெண் மாதம் திரும்புவதற்குள் நூல் மில்லுக்குப் போய்விட்டாள். அடுத்து வந்தவளும் அப்படியே போனாள்.

சென்னய்யா கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. அவளுக்கு மூச்சு முட்டினால் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்து முதுகைத் தடவுவான், வெந்நீர் வைப்பான், அழக்கூடச் செய்வான். சன்னலைப் பற்றிப் பேசினால் மட்டும் தலையைக் குனிந்துகொள்வான்.

"காத்த உள்ள விட்டா நூலு நிக்காது மதினி. நூலு நிக்காட்டி நாங்க எப்படி நிக்கிறது?" என்றான்.

"கதவு பாத்து எடுத்தியே, நூலக் கேட்டு எடுத்தியா, எந்தங்கச்சியக் கேட்டு எடுத்தியா?" என்றேன்.

 மறுநாள் தானே வந்து, மேற்குச் சன்னலுக்கு மட்டும் வேறு கதவு போடுகிறேன், இந்தத் தடவை அவளே பார்த்து எடுக்கட்டும் என்றான்.

பங்குனியில் நானும் அவளும் பரளச்சி பஸ்ஸில் போனோம். தவசி பட்டறையில் சாய்பலகைக் கதவுகள் மூன்று செய்து வைத்திருந்தார். சின்னச் சின்னப் பலகைகளைச் சாய்வாக, இடைவெளி விட்டு அடுக்கிய கதவு. வெயில் வராது, காற்று வரும். நெருக்கமாகப் பலகை வைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், மழைச் சாரல் அடிக்காது என்று ஆசாரி சொன்னதும் என் தங்கை, நம்ம ஊரில் மழை எங்கே அண்ணே பெய்கிறது என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வர, பிடித்து உட்கார வைத்தோம். பிறகு எழுந்து ஒவ்வொரு கதவின் இடுக்கிலும் முகத்தை வைத்துப் பார்த்தாள். இடைவெளி அதிகம் உள்ள கதவுக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அதையே எடுத்தோம். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, சேலை எடுக்கிறபோதுகூட இப்படிச் சந்தோஷம் வந்ததில்லை என்றாள்.

சித்திரையில் மாட்டினார்கள். அவள் பாயை அந்தச் சன்னலுக்குக் கீழே போட்டுக்கொண்டாள். பேச்சு தெளிந்தது, முகத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. நான் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

ஆனி பிறந்ததும் காற்று வந்தது. முதல் நாளே மேற்கு ஓரத்துத் தறியில் இழைகள் கொத்தாக அறுந்தன. சென்னய்யா சன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டான். சாக்கு காற்றையே அடைத்தது, அவளுக்கு மறுபடி முட்டியது, எடுத்துவிட்டான். தரையில் தண்ணீர் தெளித்தான். தெளித்த ஈரம் கண்முன்னே காய்ந்தது. இரண்டாவது தறியும் நின்றது. ஆனால் சன்னலை அடைக்கலாம் என்று அவன் வாய் திறக்கவில்லை. அதை நான் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு மத்தியானம் போனேன். மேற்குச் சன்னல் சாத்திக் கிடந்தது. பழைய தேக்குக் கதவைக் கொண்டுவந்து சாய்பலகை மேலேயே வைத்து ஆணி அறைந்திருந்தார்கள். கரண்டு இல்லை, கூடம் புழுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் சென்னய்யாவைப் பார்த்து, பொண்டாட்டியைக் கொன்றுவிட்டு யாருக்கடா நெய்யப் போகிறாய் என்று கத்தினேன். அவன் தறிக்கட்டையைப் பிடித்தபடி நின்றான். கண் கலங்கியிருந்தது.

தறிக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "அவுகளத் திட்டாதக்கா. நாந்தேன் ஆசாரிய வரச்சொல்லி அடிக்கச் சொன்னேன்."

ஏன்டி என்று கேட்டேன். அவள் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையில் நின்று நின்று சொன்னாள்.

"காத்து வந்தா இழை அத்துப் போகுதுக்கா. அத்தத முடிய நாந்தேன் தறிக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்கணும். அம்புட்டு மூச்சுக்கு நான் எங்க போவேன்? சாத்திக் கெடந்தா சும்மா ஒக்காந்தாச்சும் இருக்கேன்."

அவனைத் திட்டச் சேர்த்து வைத்திருந்த சொற்கள் எதற்கும் உதவவில்லை. திட்டுவதற்கு அங்கே ஆளே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை அறுந்த இழைகளை முடிந்து கொடுத்தேன். எழுந்து வரும்போது சன்னலருகே ஒரு நிமிஷம் நின்றேன். அதைத் திறக்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அவள் இருந்தவரை அந்தச் சன்னல் மூடியே கிடந்தது.