முழு அளவு

சிவப்பு விளக்கு அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, கேமராவின் முதுகில், எடுத்த படங்களை விழுங்க முடியாமல் அந்த மலிவு மெமரி கார்டு திணறுகிறது, இனி ஐந்தே படத்துக்குத்தான் இடம் என்கிறது திரையின் மூலை, தாலித்தட்டு ஆசீர்வாதம் வாங்கக் கூட்டத்துக்குள் போயிருக்கிறது, அது மேடைக்குத் திரும்புவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும், மாரிக்கனிக்கு நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கை ஒழியவில்லை. ஸ்டுடியோ முதலாளி சுடலைமணி அண்ணாச்சி பின்னால் வந்து நின்று காதோரம் சீறுகிறார், ரா-வுல, முழு சைசுல எடுக்காதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா, இந்தக் கேமராவுல ஒரு படமே அம்பது எம்பி திங்கும், சின்ன சைசுக்கு மாத்து, போதும் போதும்ங்கிற வரைக்கும் எடுக்கலாம். இன்னொரு கார்டை வீடியோக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவர்தான், கார்டு வாங்கும்போது எவ்வளவு கொள்ளும் என்று மட்டும் பார்ப்பார், எவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ளும் என்று பார்க்கவே மாட்டார், குடம் பெரிதாக இருந்தால் போதும், வாய் எவ்வளவு குறுகினால் என்ன என்பது அவர் கணக்கு, மாரிக்கனி பலமுறை சொல்லி அலுத்துவிட்டாள், செவிடன் காதில் ஊதிய சங்கு.

அளவை மாற்ற ஒரு பொத்தான் போதும், விரல் அங்கே போகவில்லை, போகாது, ஏனென்றால் மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் பெண்ணின் அம்மா வேலம்மாள் நிற்கிறாள், பாதி முகம்தான் தெரிகிறது, புருஷன் இல்லாதவள் முன்னால் வரக்கூடாதாம், பெற்று வளர்த்து, தீப்பெட்டி ஒட்டிப் படிக்க வைத்தவள் தூணுக்குப் பின்னால், ஒருநாளும் எட்டிப் பார்க்காத சித்தி பட்டுச்சேலையில் மேடை மேல், என்ன நியாயமோ. மாரிக்கனியின் அம்மாவும் புருஷன் இல்லாதவள், இப்படித்தான் ஒதுங்கி நின்றாள், அந்தத் தூண் இந்தத் தூண்தானா, அக்காவின் கல்யாணத்தில் அம்மா நின்றது தூணிலா கதவிலா, கதவுதான், அடுப்படிக் கதவு, நீலச்சேலை, கையில் கரண்டி, மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அங்கிருந்தே பார்த்துச் சிரித்தாள், அழுதாள் என்பாள் அக்கா, சிரித்தாள் என்பாள் இவள், இருவருக்கும் இன்றுவரை தீராத வழக்கு, படத்தைப் பார்த்துத் தீர்க்கலாம் என்றால் படம் எடுத்தவர் இதே அண்ணாச்சி, புதுசாக டிஜிட்டல் வாங்கிய பவுசில் ஒரே கார்டில் நாலு கல்யாணத்தை அடைக்கிற மனுசர், இருப்பதிலேயே சின்ன அளவில் எடுத்திருந்தார். அம்மா போனபோது மாலை போட ஒரு படம் வேண்டுமென்று அக்காவும் அவளும் அவர் கடையில் போய் நிற்கிறார்கள், அண்ணாச்சி கதவோரத்தைப் பெரிதாக்குகிறார், இன்னும் பெரிதாக்குகிறார், அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது, கண் இருந்த இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம், வாய் இருந்த இடத்தில் தவிட்டு நிறத்தில் இரண்டு கட்டம், சிரிப்பா அழுகையா, கட்டத்துக்கு என்ன தெரியும், அண்ணாச்சி சங்கடப்பட்டுக் கண்ணாடியைத் துடைத்தார், இதுல அவ்வளவுதாம்மா இருக்கு என்றார். கடைசியில் ரேஷன் கார்டுப் படத்துக்குத்தான் மாலை போட்டார்கள், அதில் அம்மா யாரையோ கண்டு பயந்தவள் மாதிரி இருப்பாள், அம்மா யாருக்கும் பயந்தவள் இல்லை.

அதற்குப் பிறகுதான் அதே கடையில் போய் வேலை கேட்டாள், பொட்டச்சிக்கு எதுக்குக் கேமரா என்று ஊர் கேட்டது, அவள் தொழிலைக் கற்றுக்கொண்டாள், ஆல்பத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வரப்போகிற படத்துக்கு எதற்கு இத்தனை பெரிய ஃபைல் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தாள், நடுவில் நிற்கிறவங்களுக்குச் சின்ன சைசு போதும், ஓரத்தில் நிற்கிறவங்களுக்குப் போதாது. தாலித்தட்டு மேடையேறிவிட்டது, ஐந்து படத்தை நம்பி மூன்று முடிச்சில் இறங்க முடியாது, விரல் தானாகப் பின்னோக்கித் தள்ளுகிறது, காலையில் எடுத்தவை திரையில் வருகின்றன, மாப்பிள்ளையின் தாய்மாமா சண்முகவேல், கல்யாண வீட்டில் தானே மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் தானே பிணமாகவும் இருக்க ஆசைப்படும் ஆள், வந்தவர் போனவருக்கெல்லாம் பொன்னாடை போர்த்தி, ஒவ்வொன்றுக்கும் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டி, சரியாக வரலை இன்னொண்ணு எடு என்று விரட்டி எடுக்க வைத்தவை, வரிசை வரிசையாகப் பொன்னாடை. அழிக்கவா என்று கேட்கிறது கேமரா. அழி என்றாள், வாய்விட்டே சொல்லியிருக்க வேண்டும், பாதிப் பொன்னாடை போனதும் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, ஏ பிள்ள, என்ன செய்யுத என்று கையைப் பிடிக்க வருகிறார், அதற்குள் மேளம் உச்சத்துக்குப் போய்விட்டது, அவள் மணமக்களுக்குப் பின்னால் போய் ஓரமாகச் சாய்ந்து முழங்காலிட்டு, கிட்டத்தில் முடிச்சும் தொலைவில் தூணும் ஒரே சட்டத்துக்குள் வர, அழுத்துகிறாள், இரண்டும் தெளிவாக விழ வேண்டும், அழுத்துகிறாள், வேலம்மாள் தூணைப் பிடித்த கையை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்கிறாள், அழுத்துகிறாள்.

மேளம் ஓய்ந்ததும் சண்முகவேல் துண்டை உதறிக்கொண்டு வந்தார், பொன்னாடைப் படத்தைக் காட்டும்மா, வாட்ஸப்புல போடணும் என்றார். அண்ணாச்சி, கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் அனுப்புதேன் என்று பூசி மெழுகப் பார்த்தார், மாரிக்கனி அவரை விடவில்லை, உங்க படங்களை நான்தான் அழிச்சேன் என்றாள், பொண்ணோட அம்மாவுக்கு இடம் வேண்டியிருந்தது. சண்முகவேல் முகம் கறுத்துவிட்டது, யாரைக் கேட்டுடி அழிச்ச, தாலி கட்டுற படத்துல அந்தப் பொம்பளை விழலாமா, சகுனம் தெரியாத சிறுக்கியா நீ, அதையும் அழி இப்பவே என்று கத்தினார், மண்டபம் திரும்பிப் பார்த்தது, அண்ணாச்சி அவள் கேமராவுக்குக் கை நீட்டினார், நாளையிலயிருந்து நீ கடைக்கு வர வேண்டாம், அதைக் கொடு. வேலை போகும் என்று தெரிந்துதான் அழித்தாள், பயம் இருக்கிறது, பயம் இருந்துவிட்டுப் போகட்டும், கேமராவின் வாரை முழங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வரலை அண்ணாச்சி, ஆனா இந்தக் கல்யாணத்தை முடிக்காமப் போகமாட்டேன் என்றாள்.

அதுவரை குனிந்த தலை நிமிராமல் இருந்த கல்யாணப் பெண் பொன்மதி கை நீட்டி, அந்தப் படத்தைக் காட்டுங்கக்கா என்று கேட்டாள். மாரிக்கனி தூணைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள், முகம் உடையவில்லை, ஒவ்வொரு நரைமயிரும் தனித்தனியாக, வாயைப் பொத்திய விரல்களில் தீப்பெட்டிப் பசை வெடித்த வெடிப்புக்கூடத் தெரிய, அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு பெரிய சிரிப்பு. பொன்மதி வெகுநேரம் பார்த்தாள், பிறகு மாலையோடு எழுந்தாள், சண்முகவேல் குறுக்கே வந்தார், மாப்பிள்ளை அவர் தோளைத் தொட்டு, மாமா, ஒதுங்குங்க என்றான், அவள் மண்டபம் முழுக்க நடந்துபோய் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள், வேலம்மாள், வேண்டாம்த்தா, ஊரு ஏசும் என்று கால் ஊன்றினாள், பொன்மதி விடாமல் இழுத்துக்கொண்டு வந்து மேடையின் நட்டநடுவில், தனக்கும் மாப்பிள்ளைக்கும் இடையில் நிறுத்தினாள். ஒற்றைப் படம் எடுத்துட்டு முடி என்று முனகினார் அண்ணாச்சி, குரலில் பழைய சீற்றம் இல்லை. மாரிக்கனி மிச்சமிருந்த பொன்னாடைப் படங்களையும் அழித்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற வேலம்மாளிடம் சொன்னாள், நிமிர்ந்து பாருங்கம்மா.