வெள்ளிக்கிழமைக்கு ஒரு காரணம்

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்று கணினித் திரையிலிருந்து மார்லீன் கேட்டாள்.

“யாருக்கும் ஒண்ணுமில்ல” என்றாள் ஐலா.

சமையலறை மேசையே அவளுக்கு அலுவலகம். அடுப்பருகே கணவன் வெய்ன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவன் தாய் டோரீன் காப்பிக் கோப்பையை ஓசையில்லாமல் கீழே வைத்தாள். இருவரின் காதும் இங்கேதான் இருந்தது.

கனடாவின் வின்னிபெக்கில் உள்ள உழவு இயந்திரக் கம்பெனி ஒன்றுக்கு, ஐலா டிம்மின்ஸ் நகரத்து வீட்டிலிருந்தே கையேட்டுப் படங்கள் வரைந்து கொடுக்கிறாள். அங்கே அவள் வேலையை மேற்பார்ப்பவள் மார்லீன். ஒப்பந்த வேலை. விடுப்பு கிடையாது, மருத்துவப்படி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ‘நம் குடும்பத்தில் ஒருவர்’ என்று வாழ்த்து வரும். புதிய ஒப்பந்தத்தில் வாரம் நாலு நாள் போதும் என்று கேட்க அவளுக்கு ஐந்து வருடம் பிடித்திருக்கிறது.

“பின்ன வெள்ளிக்கிழமை எதுக்கு?”

“சும்மா இருக்கத்தான்.”

மார்லீன் சிரித்தாள். “சும்மா இருக்கன்னு மேல போய் எப்படிம்மா சொல்றது? எங்கம்மா டயாலிசிஸுக்காக நான் புதன்கிழமை மத்தியானம் கிளம்பிடறேன். யாராவது வாயைத் திறக்கறாங்களா? காரணம்னு ஒண்ணு வேணும்.”

வெய்ன் ரொட்டியோடு வந்து திரைக்குள் தலையை நீட்டினான்.

“எங்கம்மாவுக்குக் கண்ணுல ஊசி போடணுங்க. வெள்ளிக்கிழமைதான் டாக்டர் வராரு. இவதான் கூட்டிட்டுப் போகணும்.”

மார்லீனின் முகம் உடனே கனிந்தது. “அடடா! முதல்லயே சொல்லக்கூடாதா ஐலா? நான் பேசிக்கறேன்.”

திரை இருண்டது.

“பாத்தியா, ஒரே நிமிஷம்!” என்று வெய்ன் ரொட்டியைக் கடித்தான்.

“ஊசி போட்டுட்டு வர்ற வழியில என்னை பிங்கோ ஆடற இடத்துல இறக்கி விட்டுடு” என்றாள் டோரீன். “அந்தக் குளிர்பெட்டியையும் இனிமே மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கழுவிடலாம். உள்ள ஒரு பனிக்காடே இருக்கு.”

ஐலா கணவனைப் பார்த்தாள். அவன் தங்கச் சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை செய்வான். அடுத்த இரண்டு வாரம் வீட்டில் இருப்பான். அந்த நாட்களில் உறைந்த ஏரியில் துளை போட்டு, தூண்டிலோடு குந்தியிருப்பான்.

“உன் ரெண்டு வாரம் எதுக்குன்னு யாராவது உன்னைக் கேட்டிருக்காங்களா வெய்ன்?”

“பூமிக்கு அடியில கிடந்துட்டு வரேன்டி நான்.”

“நான் இந்த மேசைக்கு அடியில கிடக்கேன்.”

டோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் முறைத்ததும் கோப்பையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

அன்று மாலையே ஐலா மார்லீனை அழைத்தாள். “மாமியாருக்கு ஊசி நிஜம்தான். அது நான் கேட்ட காரணம் இல்ல. ஒப்பந்தக்காரி நாலு நாள்தான் வேலை செய்வாளாம், அவ்வளவுதான்னு சொல்லுங்க.”

“வேற ஆளைத் தேடிக்குவாங்க. பரவால்லயா?”

“சொல்லிப் பாருங்க” என்றாள் ஐலா.

கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை வந்தது. ஐலா கணினியைத் திறக்கவில்லை. டோரீன் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். வெய்ன் தூண்டில் பெட்டியைத் திறந்தான். தூண்டில் முள்களுக்கு மேல் ஐலாவின் கார்ச் சாவி கிடந்தது.

“இது என்ன வேலை?”

“உங்கம்மா கண்ணு” என்றாள் ஐலா.

“அப்ப நீ என்ன பண்ணப்போற?”

“ஒண்ணுமில்ல.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “வாடா, பனி கொட்டுது” என்று டோரீன் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கார் தெருமுனை திரும்பும்போது தொலைபேசி மணி அடித்தது. மார்லீன்.

“நாலு நாளுக்குச் சம்மதிச்சுட்டாங்க. மாமியார் கண்ணுன்னேதான் சொன்னேன். இனிமே அதைப் பத்தி வாயைத் திறக்காத.”

“வேண்டாம் மார்லீன். மாத்திச் சொல்லிடுங்க. இல்லன்னா நானே பேசறேன். இன்னைக்கு இந்தக் கண்ணு, நாளைக்கு அது சரியாயிட்டா வேற யாரையாவது நோயாளியாக்கணும்.”

“வேலை போயிடும் ஐலா.”

“தெரியும்.”

மார்லீன் குரலைத் தாழ்த்தினாள்.

“எங்கம்மா செத்து நாலு வருஷம் ஆச்சு. ஆபீஸ்லதான் இன்னும் உயிரோட இருக்காங்க.”

ஐலா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“புதன்கிழமை மத்தியானம் எங்க போவீங்க?”

“எங்கயும் இல்ல. காரை நிறுத்திட்டு ஆத்தைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். வீட்டுக்கும் தெரியாது.” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “போன வாரம்கூட மேனேஜர் எங்கம்மாவுக்குப் பூங்கொத்து குடுத்தனுப்பினாரு. நான் வாங்கிட்டேன்.”