வெண்டல் பிங்கம் சரணடைந்த இடம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைக்கக் காரணம் என் வண்டியின் பேட்டரி. பக்கத்து வீட்டு லோர்னா பிங்கமின் வண்டி அன்று காலை கிளம்பவில்லை. என்னுடையது கிளம்பியது.

"பூங்கா வரைக்கும் கொண்டு விடுறியா தம்பி?" என்றார். கையில் அவர் கணவர் வெண்டல் கடலுக்கு எடுத்துப்போகும் சாப்பாட்டுப் பெட்டி. சாப்பாடுதான் என்று நினைத்தேன். உள்ளே வெண்டல் இருந்தார்.

(கடைசி வாக்கியத்தை மரியாதையாக மாற்றப் பார்த்தேன். 'அன்னாரது சாம்பல்' என்று எழுதினால் வேறு யாரோ போல இருக்கிறது.)

2

இலக்கியத் தரமான தொடக்கம் ஒன்றும் கைவசம் இருந்தது: 'அட்லாண்டிக்கின் அலைகள் முந்நூறு ஆண்டு வரலாற்றை மெல்ல' — வேண்டாம். அலைகள் அன்று எதையும் மெல்லவில்லை. அக்டோபர் கடைசி. மெய்ன் மாநிலத்தில் அந்த நேரத்துக்குப் பூங்காக்களின் கழிப்பறைகளைப் பூட்டிவிடுவார்கள். வாசகர் அறிய வேண்டிய சூழல் இவ்வளவுதான்.

வரலாறும் கொஞ்சம் தேவை. இங்கிலாந்துக்காரர்கள் மீன் உலர்த்த வந்து, தங்கி, கோட்டை கட்டிய கடல்முனையில்தான் அந்தப் பூங்கா. ஏற்கெனவே அங்கே இருந்த வபநாக்கி மக்கள் பிரெஞ்சுக்காரர்களோடு வந்து முற்றுகையிட்டதும் தளபதி வாளை நீட்டிச் சரணடைந்துவிட்டான். ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஊர்க்காரர்கள் இதை நடித்துக் காட்டுவார்கள். தளபதி வேடம் வெண்டலுக்கு.

வெண்டல் சிங்கி இறால் பிடிப்பவர். வீட்டில் எந்த விவாதத்திலும் தோற்றதில்லை. வருடத்தில் ஒரே ஒரு நாள், கம்பளிக் கோட்டு மாட்டி, வேர்க்க விறுவிறுக்க, ஊர் பார்க்கத் தோற்பார்.

"அன்னிக்கு மட்டும் பாத்திரம் கழுவிக் குடுப்பார்" என்றார் லோர்னா, வண்டியில்.

பிறகு பூங்காவுக்குப் புதிய அதிகாரி வந்தார். பெயர் கார்லீன் டேனா. வபநாக்கி. முதல் வேலையாக நாடகத்தை நிறுத்தினார். அன்றிலிருந்து லோர்னா அவரிடம் பேசியதில்லை. கடையில் எதிரே வந்தால் உருளைக்கிழங்கைப் பார்ப்பார்.

3

"பசங்க ரெண்டு பேரும் கடல்ல கரைச்சிடலாம்ங்கறானுங்க" என்றார் லோர்னா. "அவருக்கு நீச்சல் தெரியாது. ஆயுசு முழுக்கக் கடலைக் கண்டு பயந்துக்கிட்டே பொழப்பு நடத்தினவர். 'செத்தப்புறமாச்சும் என்னைத் தண்ணியில தள்ளிடாதே'ன்னு சத்தியம் வாங்கிட்டார். கோட்டையில போடச் சொன்னார்."*

* நம் ஊரில் கடல்தான் வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் கியரை மாற்றினேன்.

4

சரிவில் இறங்க லோர்னாவுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தபோது கார்லீன் வந்தார். சீருடை, கம்பளித் தொப்பி.

"பெட்டியில என்ன லோர்னா?"

"வெண்டல்."

கார்லீன் தொப்பியைக் கழற்றினார். "கேள்விப்பட்டேன். வீட்டுக்கு வரணும்னு நெனச்சேன்."

"வந்திருந்தா கதவைத் திறந்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் வரல. எங்க போடப்போறீங்க?"

"இந்தச் சரிவுலதான். அவர் வாளைக் குடுத்த எடம்."

"இங்க மட்டும் வேணாம்."

"பூங்கா விதியா?"

"விதி பூங்கா முழுக்கத்தான். இது வேற. இங்க எங்க ஆளுங்க புதைஞ்சிருக்காங்க. குழாய் போடத் தோண்டினப்ப எலும்பு வந்துச்சு. பலகை வெக்க வேணாம்னு நாங்கதான் சொன்னோம். வெச்சா நோண்டிப் பாக்க ஆள் வரும்."

லோர்னா ஒரு காலைப் பின்னுக்கு எடுத்தார். எடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார்.

"அதுக்குத்தான் நாடகத்தை நிறுத்தினியா?"

"அதுக்கும்தான். உங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் யார்கிட்ட சரணடைஞ்சார்? எங்க ஆளா வேஷம் கட்டின ஹார்டுவேர் கடைக்காரர் டக்குகிட்ட. தலையில வான்கோழி இறகு வேற. ரெண்டு பேரும் நின்னது எங்க பாட்டன் தலை மேல."

"இதை அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே."

(இங்கே எனக்குக் கார்லீன் மீது சந்தேகம் வந்தது. கதாபாத்திரமாக. சரியான இடத்தில் சரியான வசனம் பேசுகிறவர்களை நம்பக் கூடாது. ஆனால் அவர் சொன்னதை அப்படியேதான் எழுதியிருக்கிறேன்.)

"நாடகத்தை நிறுத்தினப்ப மேல வண்டியில உக்காந்திருந்தார்" என்றார் கார்லீன். "எல்லாத்தையும் கேட்டார். கண்ணாடிய ஏத்திட்டுக் கெளம்பிட்டார். அடுத்த வருஷம் வந்து, 'எங்கெல்லாம் மிதிக்கக் கூடாதுன்னு காட்டு'ன்னார். காட்டினேன். அப்புறம் எப்ப வந்தாலும் சுத்திதான் நடப்பார்."

"வீட்டுல சொல்லவே இல்லையே."

"தோத்ததை வீட்டுல சொல்ற ஆளா அவர்?"

லோர்னா சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "இத்தன வருஷம் உன்னைத் திட்டிக்கிட்டே இருந்தேன். கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தாரே, பாவி" என்றார். பிறகு, "அப்ப நான் இவரை எங்கதான் கொண்டு போறது?"

கார்லீன் கோட்டையின் கற்கோபுரத்தைக் காட்டினார். "அது பிற்பாடு திரும்பக் கட்டினது. அடியில நெரப்பினது வெளி மண்ணு. உங்க ஆளும் அங்க இல்ல, எங்க ஆளும் இல்ல."

"போலியா?"

"போலிதான். ஆனா நல்லாக் காத்து வரும்." கூடவே, "விதிப்படி அங்கயும் கூடாது" என்றார்.

பிறகு கார்லீன் என்னைப் பார்த்தார். "நீ கதை எழுதுறவன்தானே?"

"ஆமா."

"வண்டிக்குப் போ."

5

ஆகவே இந்தக் கதைக்குக் கைவசம் உள்ள முடிவுகள்.

ஒன்று: விதி வென்றது. வெண்டல் வீடு திரும்பி, குளிர்பதனப் பெட்டியின் மேல் சோளப்பொரி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

மற்றொன்று: பிள்ளைகள் வென்றார்கள். படகு, கடல். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது.

இன்னொன்றை முழுதாக எழுதியே விட்டேன். லோர்னா பெட்டியை இரு கைகளாலும் வாளைப் போல நீட்டுகிறார். கார்லீன் வாங்கிக்கொள்கிறார். இருவரும் அழுகிறார்கள். முந்நூறு ஆண்டுப் பகை மூன்றே வரியில் — அடித்துவிட்டேன். ஒரு மீனவரின் சாம்பலால் கழுவிவிடக்கூடிய சரித்திரமல்ல அது. லோர்னா ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருந்திருக்கலாம். அதுவே அந்தக் காலைக்குப் பெரிய வேலை.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். வண்டியின் பக்கக் கண்ணாடியில் கோபுரம் நன்றாகவே தெரிந்தது. ஆனால் எழுதப்போவதில்லை. கார்லீன் இன்னும் அதே பூங்காவில், அதே வேலையில் இருக்கிறார். ஓய்வுபெற இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன.

எழுதியதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். முடிவு இல்லாததை வெகுவாகப் பாராட்டினார். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார்:

"நான் அழுதேன்னு மட்டும் எங்கயும் வரக் கூடாது."

வரவில்லை. இனி முடிவு உங்கள் கையில். நீங்களும் எழுதிவிடாதீர்கள்.