குளக்கரைக் கேமரா

படம் தலைகீழாக வந்தது. வானம் கீழே கிடந்தது, தென்னைகள் மேலிருந்து தொங்கின, குளம் எல்லாவற்றுக்கும் கூரையாகக் கவிழ்ந்திருந்தது. ஆனாலும் வந்துவிட்டது. கமருன்னிஸா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

காலையிலிருந்து அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கும்பகோணத்துக் கடையிலிருந்து வந்தவர்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் கேமராவை மாட்டி, வரப்போரமாக வீடுவரை ஒயர் இழுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுக்க மறுநாள் ஆள் வருவார் என்று சொல்லிப் போனார்கள். ஆள் வரவேயில்லை. மகள் நஜ்மா ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து துணி போர்த்திக் கிடந்த கம்ப்யூட்டரைத் துடைத்துவிட்டு அவளே உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் வலங்கைமானில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவள். அந்தப் படிப்பு இந்த வீட்டில் இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

மென்பொருளை இறக்கி ஏற்றுவதுவரை சுலபமாகத்தான் இருந்தது. அதன்பிறகு, கேமரா எதையும் காணோம் என்று அது திரும்பத் திரும்பச் சொன்னது. ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். கடைசியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த விளக்கத்தாளை எழுத்துக்கூட்டிப் படித்தபோதுதான் புரிந்தது, கேமராவின் முகவரி எண் ஒரு வரிசையிலும் வீட்டு இணையத்தின் எண் வேறு வரிசையிலும் இருந்தன. ஒருத்தர் ஒரு தெருவிலும் இன்னொருத்தர் அடுத்த தெருவிலும் நின்று கூப்பிட்டால் எப்படிக் கேட்கும்? எண்ணை மாற்றியதும் பச்சைப் புள்ளி ஒன்று எரிந்தது.

"என்னங்க, இங்க வாங்க. நம்ம கொளம் வந்துடுச்சு."

சித்தீக் ஈரக் கையைக் கைலியில் துடைத்தபடி வந்தார். "என்ன, தலைகீழா நிக்கிது?"

"கேமராவைக் கவுத்து மாட்டிட்டுப் போயிருக்காங்க. இருங்க." செட்டிங்கைத் தேடிப் பிடித்துப் படத்தைத் திருப்பினாள். குளம் நிமிர்ந்து தன் இடத்தில் உட்கார்ந்தது.

சித்தீக் திரைக்கருகே குனிந்தார். "அவன் மூஞ்சி தெரியுமா இதுல?"

அவன் என்றால் செல்லதுரை. பக்கத்து வயல்காரர். இரண்டு மாதமாக இவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்த குளத்தில் கட்லா, ரோகு மீன்கள் குறைந்துகொண்டே வந்தன. கரையில் செதில்கள் கிடந்தன. விடியுமுன் அந்தப் பக்கம் நடமாடுகிற ஒரே ஆள் செல்லதுரைதான் என்று சித்தீக் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அவர் காதுபடவே சொல்லிவிட்டார். செல்லதுரை டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். புயலில் இவர்கள் வீட்டு ஓடுகள் பறந்த அன்று தார்ப்பாயோடு முதலில் வந்து நின்ற மனிதர்.

"படம் கெடைச்சா நேரா ஸ்டேஷன்தான்" என்றார் சித்தீக்.

கமருன்னிஸா அதற்குள் அசைவைக் கண்டுபிடிக்கும் பகுதிக்குப் போயிருந்தாள். திரை முழுக்கச் சிறு கட்டங்கள். எந்தக் கட்டத்தில் எது அசைந்தாலும் அது சிவக்கும், மணி அடிக்கும், படம் தானாகப் பதிவாகும். முதலில் தென்னமட்டைக்கு அடித்தது. பிறகு கொக்குக்கு. மட்டை ஆடும் கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்து, தண்ணீரையும் கரையையும் மட்டும் விட்டுவைத்தாள். ஒரு குளத்தையே விரல் நுனியில் வெட்டி ஒட்டுவது போலிருந்தது. சோறு ஆக்க மறந்துபோனாள். சித்தீக் ஹோட்டலில் பரோட்டா வாங்கி வந்தார்.

மறுநாள் விடிகாலை அவர்கள் பஜ்ர் தொழுது முடித்த சமயம் மணி அடித்தது.

சாம்பல் நிறத் திரையில், எதிர்க்கரையில், தலையில் துண்டு கட்டிய ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முகம் தெளிவாகவே தெரிந்தது.

"பாத்தியா? நான் சொன்னனா இல்லியா?" சித்தீக் சட்டையைக் கூடப் போடவில்லை. செல்போன் மேசையிலேயே கிடக்க, வாசலைத் தாண்டி ஓடினார்.

"என்னங்க, இருங்க. அவரு கையில ஒண்ணும் இல்லியே." அவர் காதில் விழவில்லை.

அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். செல்லதுரையிடம் வலை இல்லை, தூண்டில் இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு கட்டம் சிவந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு தலை எழும்பியது. வழுவழுப்பான, மீசை வைத்த தலை. பின்னாலேயே இன்னொன்று. அவற்றுக்கு நடுவே, முட்டிமோதிக்கொண்டு மூன்று குட்டிகள்.

நீர்நாய்கள். ஆற்றில் இருப்பதாகச் சொல்வார்கள். அவள் கண்டதில்லை. தன்னை அறியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியது ஒன்று கட்லாவைக் கவ்வியபடி கரையேறியது. குட்டிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

அப்போது திரையின் ஓரத்தில் சித்தீக் நுழைந்தார், கை ஓங்கியபடி. ஓடிப்போகவும் நேரமில்லை, கத்தினாலும் ஒரு வயல் தாண்டிக் கேட்காது. கமருன்னிஸா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

செல்லதுரை எழவில்லை. ஓங்கிய கையை எட்டி மணிக்கட்டில் பிடித்தார். இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்தார். பிறகு தண்ணீரைக் காட்டினார்.

சித்தீக் அப்படியே நின்றார். மெல்ல முழங்கால் மடங்கி, அவர் பக்கத்தில் குத்தவைத்தார். ஒரு குட்டி மல்லாந்து மிதந்தபடி மீன்தலையை வயிற்றில் வைத்துக் கடித்தது. போவது தன் மீன் என்று சித்தீக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்திருக்க வேண்டும், இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். செல்லதுரையின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. அவர் ஏதோ சொன்னார். சத்தம் வராத அந்தத் திரையில் இரண்டு மனிதர்களும் தலையோடு தலை முட்டும்படி சாய்ந்து பேசிக்கொண்டிருக்க, தண்ணீர் நெடுகக் கட்டங்கள் சிவந்து சிவந்து அணைந்தன.