தாரணி குடித்த பால்

தாரணிக்குப் பால் ஆகாது. கைக்குழந்தையாக இருந்தபோதே புட்டிப்பால் இரண்டு வாய் போனதும் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. பாலில் இருக்கும் புரதம் அவளுக்குச் சேரவில்லை, தயிர் நெய் எதுவும் கூடாது என்று நாமக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் அவள் அம்மா கோகிலா, அன்றிலிருந்து கறந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் மகளைத் தொட்டதில்லை.

மலைமேல் இருக்கும் வளப்பூர் நாட்டுப் பெண்கள் கறந்த பாலையெல்லாம் வாங்கியவன் பிரேம். அடிவாரத்துக்காரன். ரோட்டோரம் கடை போட்டு, மலை பார்க்க வருபவர்களுக்கு விற்றான். சீமை மாட்டுப் பாலில் ஏ1 புரதம் இருக்கிறது, நாட்டு மாட்டில் ஏ2 மட்டும்தான், அது யாரையும் ஒன்றும் செய்யாது என்பான்.

"ஏனுங்க, டாக்டர் எந்த மாட்டுப் பாலும் ஆகாதுன்னாருங்களே?" என்று கோகிலா ஒருமுறை கேட்டாள்.

"டாக்டருக்கு மாட்டப் பத்தி என்னங்க தெரியும்?" என்று சிரித்தான்.

மாசியில் ஒரு காலை, அவள் கடைக்குள் போய்ப் பாலை ஊற்றிவிட்டு வெளியே வந்தபோது மூன்று வயது தாரணியின் கையில் டம்ளர் இருந்தது. பிரேம் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"குடி கண்ணு, குடி."

கோகிலா டம்ளரைத் தட்டிவிட்டாள். அதற்குள் பாதி உள்ளே போயிருந்தது. பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்தது. சுற்றுலா வந்த யாரோ காரில் ஏற்றிப் போனார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தாமரைச்செல்வி போனை நீட்டினாள். திரையில் தாரணி சிரித்தபடி பால் குடித்தாள். பின்னால் பிரேமின் குரல்: "பாலே ஆகாத கொழந்தைங்க இது. நம்ம பாலக் குடிச்சுப்போட்டு எப்படி சிரிக்குது பாருங்க!" அதோடு வீடியோ முடிந்தது. எத்தனையோ தாய்மார்கள் கீழே கடை விலாசம் கேட்டிருந்தார்கள்.

கோகிலா அழவில்லை. "எம் புள்ள சிரிப்பக் காட்டி வித்துட்டான். அவன் வாயாலயே சொல்ல வெக்கறேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்திருந்த, மகளின் வீங்கிய முகப் படத்தோடு வீடு வீடாகப் போனாள். "இதப் பாருங்க. அப்புறமும் அவனுக்கு ஊத்தறதுன்னா ஊத்துங்க." எட்டாம் நாள் பாப்பாயி என்ற ஒருத்தி மட்டும்தான் அவனுக்குப் பால் ஊற்றினாள். கோகிலா இரண்டு நாள் காலையில் அவள் வாசலில் போய்ப் பேசாமல் நின்றாள். பாப்பாயியும் நிறுத்திவிட்டாள்.

பதினோராம் நாள் பிரேமே வந்தான். "தெரியாம நடந்துபோச்சுங்க. வீடியோவ அழிச்சுடறனுங்க."

"அழிச்சாப் போதுமா? அதே எடத்துல நின்னு நடந்ததச் சொல்லு. நான் படம் புடிக்கறேன்."

கடை வாசலில் நின்று, "கொழந்தைக்கு லேசா ஒத்துக்கல..." என்று ஆரம்பித்தான்.

"லேசாவா? மறுபடி சொல்லு."

நாலு தடவை சொல்ல வைத்தாள். நாலாவதில் அவன் குரல் உடைந்தது. "கொழந்த சாகப் பாத்துச்சுங்க. நான் மறைச்சுட்டேன். பால் ஆகாத கொழந்தைங்களுக்கு எந்த மாட்டுப் பாலும் குடுக்காதீங்க."

அங்கேயே, பழைய வீடியோ போட்ட பக்கத்திலேயே அதை ஊரறியப் போட வைத்தாள்.

"இனிப் பால் ஊத்துவீங்களாங்க?" என்று கேட்டான்.

"ஊத்தறேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

பங்குனி முடிவதற்குள் அவன் கடையை மூடிச் சாமான்களை லாரியில் ஏற்றினான். கோகிலா வேலையை விட்டுவிட்டுப் போய், எதிரே நின்று கடைசிவரை பார்த்தாள்.

"பாவம் அக்கா, பொண்டாட்டி புள்ளக்காரன்" என்றாள் தாமரைச்செல்வி.

"பாவம் பாக்க வேற ஆளு இருப்பாங்க" என்றாள் கோகிலா. "நான் இல்ல."