ஐஸ் தண்ணீர் பட்ட கணவாய்

கணவாய் மீன் தரம் பிரிக்கிற எங்கள் கூடத்தில் என்னைப் பெரியவள் என்பார்கள், என் ஓரகத்தியைச் சின்னவள் என்பார்கள். அண்ணனுக்கு வாக்கப்பட்டவள் நான், தம்பிக்கு வாக்கப்பட்டவள் அவள். நான் பன்னிரண்டு வருடமாகக் கணவாய் தரம் பிரிக்கிறேன். அவள் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கரையோரத்தில் எங்களுக்கு வருவது மூன்று வகை. ஒல்லியான ஊசிக்கணவாய் உள்ளூர்க் கடைகளுக்குப் போகும். சதைப்பற்றான ஓட்டுக்கணவாயைத் தோலுரித்து உறையவைத்து அனுப்புவோம். உடம்பு நெடுக அகலத் துடுப்பு ஓடுகிற மூன்றாவது வகைக்குத்தான் மவுசு. அதைப் பச்சையாகவே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதன்மேல் ஐஸ் தண்ணீர் படக்கூடாது. பட்டால் தோல் வெளுத்து, தரம் போய்விடும். அதனால் நடுவில் பிளாஸ்டிக் ஷீட் போட்டுத்தான் ஐஸ் கொட்ட வேண்டும்.

சின்னவள் கணவாயை விரலால் ஒரு தடவு தடவுவாள். தோலில் புள்ளிகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, "இது விடிய மூணு மணிக்குப் பிடிச்சது" என்பாள். படகுக்காரரும் ஆமாம் என்று தலையாட்டுவார். எனக்கு வயிறு எரியும். வீட்டுக்குப் போனால் மாமியார், "சின்னவ சமைச்சா கணவாய் ரப்பராட்டம் இழுக்கறதில்ல" என்பார். என் வீட்டுக்காரரும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுவார்.

இந்த நிலையில்தான் பச்சைக் கணவாய் மேசைக்கு ஒரு தலைவி வேண்டும் என்றார் மேனேஜர். உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஈரத் தரையில் நின்று நின்று என் முழங்கால் தேய்ந்துவிட்டது. அந்த நாற்காலி எனக்குத்தான் என்று இருந்தேன். அவரோ, "ரெண்டு பேரும் ஆளுக்கொரு ட்ரே அடுக்குங்க. வாங்கறவர் எதை எடுக்கறாரோ அவங்கதான் தலைவி" என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை சின்னவள் அடுக்கிய அழகைப் பார்த்ததுமே நாற்காலி எனக்கில்லை என்று தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவளுக்கு போன் வந்தது.

"அக்கா, ஸ்கூல்ல இருந்து. பிள்ளைக்குக் காய்ச்சலாம். பேசிட்டு வந்துடறேன், ஷீட்டைப் போட்டு ஐஸ் மட்டும் கொட்டிடறீங்களா?"

"நீ போ. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். ஷீட்டைச் சுருட்டிக் கழிவுத் தொட்டிக்குள் அமுக்கினேன். ஐஸை நேராகக் கணவாய் மேலேயே கொட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் மனசு குளிர்ந்தது.

இரண்டு மணி நேரம் கழித்து வாங்குகிறவர் வந்து ஐஸை விலக்கினார். சின்னவளின் கணவாய் சுண்ணாம்பு பூசியதுபோலக் கிடந்தது.

"யாரு பாத்த வேலை இது?" என்றார் மேனேஜர்.

சின்னவள் ட்ரேயைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உடனே மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சார். அவசரத்துல ஷீட் போட மறந்துட்டேன்."

நாற்காலி எனக்கு வந்தது. கூடத்தில் எல்லோரும் கை தட்டினார்கள், அவளும்தான்.

பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"எதுக்குடி பழியை உன் மேல போட்டுக்கிட்ட?"

"விடுங்கக்கா. உங்க முட்டிவலிக்கு அந்த வேலைதான் நல்லது, எனக்கு வேணாம்னு நேத்தே மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். அவருதான், பேருக்காவது ரெண்டு ட்ரே இருக்கட்டும்னாரு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்னைக் கிழித்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். பாவி, நல்லவளாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாள். அதையும் நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.